ஜனவரியில் நெளியும் தண்டவாளம்

நிஜ ரயில் பாதை கோடை வெயிலில்தான் நெளியும். சூட்டில் எஃகு நீள்கிறது. நீள இடமில்லாவிட்டால் பக்கவாட்டில் பிதுங்குகிறது. அமெரிக்காவின் வட மாநிலங்களில் வீட்டு பேஸ்மென்ட்டில், அதாவது தரைக்குக் கீழுள்ள அறையில், மாதிரி ரயில் ஓட்டுபவர்களுக்கு இது தலைகீழ். அங்கே தண்டவாளம் ஜனவரியில் நெளியும். ஜூலை முழுக்க ஒழுங்காக ஓடிய ரயில், ஹீட்டர் ஓடத் தொடங்கிய சில வாரங்களில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தடம் புரளும். தண்டவாளத்தின் மேல் தப்பில்லை. அதைத் தாங்கும் மரச்சட்டம்தான் சுருங்கியிருக்கிறது.

முதலில், ஏன் பேஸ்மென்ட்? மண்ணிலுள்ள ஈரம் உறைந்தால் உப்பி, மேலே இருப்பதைத் தூக்கிவிடும். அதனால் அஸ்திவாரம் உறையும் ஆழத்துக்குக் கீழே போக வேண்டும். மினசோட்டாவின் கட்டட விதிப்படி அந்த ஆழம் தெற்கில் மூன்றரை அடி, வடக்கில் 5 அடி. அவ்வளவு தோண்டிய பிறகு இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஓர் அறையே கிடைத்துவிடும். வீட்டில் வேறு யாரும் சண்டைக்கு வராத பெரிய இடமும் அதுதான்.

இனி மரத்துக்கு வருவோம். மரத்தின் செல் சுவர்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். ஒப்பு ஈரப்பதம், அதாவது காற்று தாங்கக்கூடிய நீராவியில் இப்போது இருக்கும் பங்கு, 70 சதவீதமாக இருக்கும்போது மரம் தன் உலர்ந்த எடையில் சுமார் 13 சதவீதம் தண்ணீரை வைத்திருக்கும். காற்று 30 சதவீதத்துக்குக் காய்ந்தால் அது 6 சதவீதமாகிவிடும். மாற்றம் இழைக்குக் குறுக்கேதான் அதிகம். நீளவாக்கில் மிகக் குறைவு, 10 மீட்டருக்கு 4 மி.மீ. அளவில். தண்டவாளமோ நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பு, துத்தநாகம், நிக்கல். பேஸ்மென்ட்டில் வெப்பநிலை அதிகம் ஏறி இறங்காது. 5 டிகிரி மாறினால் 10 மீட்டர் தண்டவாளம் 1 மி.மீ. கூட மாறாது. ஆக, மரம் சுருங்குகிறது, அதன் மேல் அறைந்த தண்டவாளம் அப்படியே நிற்கிறது.

10 மீட்டருக்கு 4 மி.மீ. என்றால் பொருட்படுத்த வேண்டாம் என்று தோன்றும். இங்கேதான் வடிவியல் விளையாடுகிறது. ஆணியடித்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 30 செ.மீ. தண்டவாளம் இருக்கிறது என்று வையுங்கள். அந்தப் புள்ளிகள் ஒன்றையொன்று வெறும் 0.1 மி.மீ. நெருங்கினாலும், தண்டவாளம் வில்லாக வளைந்தால் அதன் நடுப்பகுதி 3 மி.மீ.க்கு மேல் விலகிவிடும். நீளத்தில் கண்ணுக்கே தெரியாத மாற்றம் பக்கவாட்டில் முப்பது மடங்காகிறது. 1:87 அளவிலான எச்.ஓ. ரயிலில் தண்டவாள இடைவெளியே 16.5 மி.மீ.தான், சக்கரத்தைப் பாதையில் பிடித்து வைக்கும் விளிம்பின் ஆழம் சுமார் 0.6 மி.மீ. இந்த வளைவு அதற்கு மிக அதிகம்.

தண்டவாளம் பதிக்கும் பருவமும் முக்கியம். ஈரமான ஆகஸ்டில் மரம் உப்பியிருக்கும்போது பதித்தால் இணைப்புகளில் சிறிய இடைவெளி விட்டே ஆக வேண்டும். குளிர்காலம் அதை மூடிவிடும். காய்ந்த பிப்ரவரியில் பதித்தால் நெருக்கி வைக்கலாம். மரத்துக்கு எல்லாப் பக்கமும் பெயின்ட் அடித்தால் ஈரம் போய்வருவது மெதுவாகும், நிற்காது. ப்ளைவுட்டில் அடுக்குகளின் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் அது பலகையைவிட அடக்கமானது. ஆனால் இதெல்லாம் இரண்டாம் பட்சம். ஆண்டு முழுக்க ஈரப்பதத்தை ஏறக்குறைய ஒரே அளவில் வைத்திருக்கும் அறைதான் உண்மையான தீர்வு.

அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கூரையிலிருந்து. 100 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. மழை பெய்தால் 2,500 லிட்டர் தண்ணீர். கூரைக் குழாய் அதைச் சுவரோரமாகக் கொட்டினால், அது மண்ணில் இறங்கி வெளிச்சுவரை அழுத்தும். உள்ளே எவ்வளவு விலையுயர்ந்த வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தாலும் பின்னாலிருந்து வரும் தண்ணீர் ஒரு நாள் அதைக் கொப்புளமாகக் கிளப்பிவிடும். குழாயை சுவரிலிருந்து பல அடி தள்ளி விடுவதும், முதல் 10 அடிக்கு 6 அங்குலம் சரியும்படி மண்ணை மேடாக்குவதும் மலிவான வேலைகள். புது எஞ்சின் வாங்கும் காசில் முதலில் இதைச் செய்யலாம். யாரும் செய்வதில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்தது கான்கிரீட். அதன் நுண்துளைகள் வழியே ஈரம் மண்ணிலிருந்து ஏறும். சுவரில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால், தண்ணீர் உப்பைக் கரைத்துக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஆவியாகியிருக்கிறது என்று பொருள். இதைச் சோதிக்க ஒரு பிளாஸ்டிக் தாள் போதும். அரை மீட்டர் சதுரமாக வெட்டி, நான்கு ஓரங்களையும் டேப்பால் தரையோடு ஒட்டி, ஓரிரு நாள் விட்டுவிடுங்கள். தாளுக்கு அடியில் துளிகள் இருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. மேல்பக்கம் நனைந்திருந்தால் காற்றிலிருந்து.

காற்றிலிருந்து என்றால், ஜன்னல்தான் காரணமாக இருக்கும். கோடையில் பேஸ்மென்ட் நமுத்துப்போய் வாடை அடித்தால் ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விடத் தோன்றும். விடக்கூடாது. 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் உள்ள வெளிக்காற்றில் ஒரு கன மீட்டருக்கு 18 கிராம் நீராவி இருக்கும். 18 டிகிரியில் இருக்கும் சுவரை ஒட்டிய காற்றால் தாங்க முடிவது சுமார் 15 கிராம். மிச்சம் ஐஸ் தண்ணீர் டம்ளரில் வியர்ப்பது போல சுவரில் வியர்க்கும். குளிர்காலத்தில் இதே கணக்கு எதிர்ப்பக்கம் ஓடும். மைனஸ் 10 டிகிரி காற்றில் அதிகபட்சம் இரண்டே கால் கிராம்தான் இருக்கும். அதை 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒப்பு ஈரப்பதம் சுமார் 12 சதவீதமாக விழும். குளிப்பதும் சமைப்பதும் அதைக் கொஞ்சம் ஏற்றும், அவ்வளவுதான்.

எனவே கோடையில் ஜன்னலை மூடிவிட்டுக் காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபையர், குளிர்காலத்தில் தேவைப்பட்டால் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர். 40 முதல் 50 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது. டிஹியூமிடிஃபையரின் வாளியை நம்ப வேண்டாம். அது நிறைந்ததும் இயந்திரம் நின்றுவிடும். ஒரு குழாய் போட்டுத் தரை வடிகாலில் விட்டுவிடுங்கள்.

தூசி தனித் தொல்லை. எஞ்சினுக்கு மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக வருகிறது. இரண்டும் தொடும் இடம் ஒரு புள்ளி அளவுதான். நடுவில் ஒரு துகள் வந்தால் எஞ்சின் திக்கும். பூச்சில்லாத கான்கிரீட் தரை நடக்க நடக்கத் தேய்ந்து பொடி விடும், மேலே திறந்த உத்திரங்களின் இடுக்கிலிருந்து மாடியின் தூசி உதிரும். தரைக்கு சீலர், மேலே ஃபால்ஸ் சீலிங். சுவரின் மூலைகளை வளைவாக்கி, ரயிலுக்குப் பின்னணி வானமாக நீலம் அடிப்பதையும் பாதை போடும் முன்பே முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மூலை நிழல் வானத்தை இரண்டாகப் பிளந்து காட்டும்.

புகை அலாரமும் இந்தக் கட்டத்தில்தான். கலிஃபோர்னியாவின் மான்டரேயில் ஜான் ஆலன் என்ற மாதிரி ரயில் கலைஞர் தன் வீட்டுக்குக் கீழே கட்டிய புகழ்பெற்ற மாதிரி ரயில் அமைப்பு, 1973 ஜனவரியில் அவர் இறந்து பத்தே நாட்களில் தீயில் பெரும்பாலும் அழிந்துபோனது.

கடைசியாக ரேடான். மண்ணிலுள்ள யுரேனியம் சிதைவதால் உண்டாகும் இந்தக் கதிரியக்க வாயு, தரை விரிசல்கள் வழியே பேஸ்மென்ட்டில் சேரும். மணமில்லை, நிறமில்லை. அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்கு சிகரெட்டுக்கு அடுத்த காரணம் இதுதான். ஒரு லிட்டர் காற்றில் 4 பிகோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேல் இருந்தால் சரிசெய்யச் சொல்கிறது அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. மாலை முழுக்க அங்கேயே உட்கார்ந்து மரம் அறுக்கப் போகிறவர் சோதிக்காமல் இருக்கக்கூடாது. அளவு கூடினால் தரையைத் துளைத்துக் குழாய் இறக்கி, மின்விசிறி வைத்து வாயுவைக் கூரைக்கு மேலே இழுத்து விடுவார்கள். துளை போட வசதியான இடத்தில் அதற்குள் உங்கள் மலைத்தொடர் நின்றுவிட்டால், மலையைத்தான் அகற்ற வேண்டியிருக்கும்.