மோட்டார்ஹோமில் லித்தியம் பேட்டரி: மாற்றுவதற்கு முன் அறிய வேண்டியவை

தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டியான மோட்டார்ஹோமில் இரு வேறு பேட்டரிகள் இருக்கும். ஒன்று இன்ஜினைக் கிளப்புவதற்கு. மற்றொன்று வண்டி நின்றிருக்கும்போது விளக்கு, ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்ப், மின்விசிறி ஆகியவற்றை இயக்குவதற்கு. இரண்டாவதாகச் சொன்ன வீட்டுப் பகுதி பேட்டரியைத்தான் இப்போது பலரும் ஈய அமில வகையிலிருந்து லித்தியத்துக்கு மாற்றுகிறார்கள். வண்டிகளில் மின்வேலை செய்பவன் என்ற முறையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, பழையதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் புதியதை வைத்துவிடலாமா என்பது. வைக்கலாம் என்றுதான் விளம்பரங்கள் சொல்கின்றன. பெட்டியின் அளவு பொருந்தும், முனைகளும் பொருந்தும். ஆனால் சுற்றியுள்ள சார்ஜர், இன்ஜின் சுழற்சியில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், கேபிள், ஃபியூஸ் எல்லாம் வேறொரு பேட்டரியின் குணத்துக்கு ஏற்ப அமைக்கப்பட்டவை. அவற்றைச் சரிபார்க்காமல் பேட்டரியை மட்டும் மாற்றுவதை நான் ஏற்பதில்லை.

முதலில் வகை. வீட்டுப் பகுதிக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையே ஏற்றது. இதன் ஒரு செல் 3.2 வோல்ட், நான்கு செல்களைத் தொடராக இணைத்தால் 12.8 வோல்ட் கிடைப்பதால், 12 வோல்ட் வண்டிக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகை இதைவிட எடை குறைவு என்றாலும், சூடேறும்போது வெப்பம் கட்டுமீறித் தீப்பிடிக்கும் வாய்ப்பு அதில் அதிகம். மனிதர்கள் தூங்கும் அறைக்குள் வைக்கப்போகும் பொருளுக்கு எடையைவிடப் பாதுகாப்பே முக்கியம். பாஸ்பேட் வகை தீயே பிடிக்காது என்று சொல்வதும் சரியன்று. அதிலுள்ள மின்பகு திரவமும் எரியக்கூடியதே.

அடுத்து, எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்பதைக் கணக்கிட்டே முடிவு செய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 45 வாட் ஃபிரிட்ஜ் நாளின் பாதி நேரம் ஓடினால் 540 வாட் மணி (வாட்டை மணி நேரத்தால் பெருக்கிய அளவு). விளக்கு, பம்ப், மடிக்கணினி எல்லாம் சேர்ந்து 400. 1,800 வாட் மின்னடுப்பு அரை மணி நேரத்துக்கு 900. இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 2,000 வாட் மணி தேவை. 100 ஆம்பியர் மணி பேட்டரியில் 1,280 வாட் மணி இருக்கும். அதில் 80 விழுக்காட்டைப் பயன்படுத்துவதாக வைத்துக்கொண்டால், இந்தக் குடும்பத்துக்கு 200 ஆம்பியர் மணி சரியாக இருக்கும். ஈய அமில வகையில் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறைந்துவிடும் என்பதால், அதே பயன்பாட்டுக்கு 300 ஆம்பியர் மணிக்கு மேல் வேண்டியிருக்கும். எடையும் பல மடங்கு கூடும்.

கொள்ளளவைப் பார்ப்பவர்கள் பலர், பேட்டரி தொடர்ந்து எவ்வளவு மின்னோட்டம் தரும் என்பதைப் பார்ப்பதில்லை. 2,000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் ஏறத்தாழ 175 ஆம்பியர் இழுக்கும். பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்னும் காவல் சுற்று 100 ஆம்பியருக்கு மட்டும் அமைக்கப்பட்டிருந்தால், 200 ஆம்பியர் மணி பேட்டரியாக இருந்தாலும் அடுப்பைப் போட்ட சிறிது நேரத்தில் மின்சாரம் துண்டிக்கப்படும்.

குளிரான இடங்களுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும். 0 பாகை செல்சியசுக்குக் கீழே இந்தப் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம்; ஆனால் சார்ஜ் செய்யக் கூடாது. அந்த நிலையில் லித்தியம் செல்லின் எதிர்முனையிலுள்ள கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும். அந்தச் சேதம் பின்னர் சரியாகாது. ஆகவே குளிரில் சார்ஜைத் தானே நிறுத்தும் பி.எம்.எஸ். இருக்கிறதா, உள்ளேயே சூடேற்றும் கருவி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பேட்டரியை வெளிப்புறப் பெட்டியில் வைக்காமல் வாழும் பகுதிக்குள் வைப்பது இன்னும் நல்லது. இன்ஜின் அறை இதற்கு ஏற்ற இடமே அன்று. அதிக வெப்பமும் இதன் ஆயுளைக் குறைக்கும்.

ஓடும் வண்டியிலிருந்து சார்ஜ் செய்வதில்தான் நான் பார்க்கும் பழுதுகள் அதிகம். ஈய அமில பேட்டரி தொடக்கத்தில் நிறைய மின்னோட்டம் எடுத்துக்கொண்டு விரைவில் குறைத்துக்கொள்ளும். லித்தியம் அப்படியன்று, உள்தடை மிகக் குறைவு என்பதால், கொடுக்கும் அளவை ஏறக்குறைய நிரம்பும் வரை வாங்கிக்கொண்டே இருக்கும். இன்ஜின் குறைந்த வேகத்தில் சுழலும்போது ஆல்டர்னேட்டரின் குளிர்விப்பும் குறைவாக இருப்பதால், அது அளவுக்கு மீறிச் சூடாகி எரிந்துபோகலாம். நிரம்பியதும் பி.எம்.எஸ். திடீரென்று துண்டித்தால் எழும் உயர் மின்னழுத்தம் ஆல்டர்னேட்டரின் டையோடுகளைக் கெடுக்கக்கூடும். புதிய வண்டிகளிலோ எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரே மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொள்வதால் பேட்டரி நிரம்புவதே இல்லை. இவை எல்லாவற்றுக்கும் தீர்வு, இரு பேட்டரிகளையும் நேரடியாக இணைக்கும் பழைய ரிலே என்னும் தானியங்கிச் சுவிட்சை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் கட்டுப்படுத்தித் தரும் டிசி-டிசி சார்ஜர் ஒன்றைப் பொருத்துவது. 30 ஆம்பியர் சார்ஜர் என்றால் அந்த அளவுக்கு மேல் வீட்டுப் பகுதிக்குப் போகாது. மின்னழுத்தமும் லித்தியத்துக்கு ஏற்றபடி கிடைக்கும்.

வெளி மின் இணைப்பில் இயங்கும் சார்ஜரையும் சூரிய மின் கட்டுப்பாட்டுக் கருவியையும் 14.2 முதல் 14.4 வோல்ட்டுக்கு அமைக்கலாம். பேட்டரித் தயாரிப்பாளர் வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். ஈய அமிலத்துக்கான சமன்படுத்தும் சார்ஜ் (செல்களைச் சமப்படுத்த அவ்வப்போது கூடுதல் மின்னழுத்தம் தருவது), வெப்பநிலைக்கேற்ற மின்னழுத்தத் திருத்தம் ஆகிய இரண்டையும் நிறுத்திவிட வேண்டும். நிறுத்த வழியில்லாத சார்ஜராக இருந்தால் மாற்றிவிடுவதே நல்லது.

இனி கேபிளும் ஃபியூஸும். என்னிடம் கருகி வந்தவை பெரும்பாலும் பேட்டரிகள் அல்ல; கேபிள்களும் அவற்றின் முனையில் பொருத்தும் லக்குகளும்தான். போகவர 4 மீட்டர் நீளமுள்ள 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் 175 ஆம்பியர் ஓடினால், 0.7 வோல்ட்டுக்கு மேல் இழப்பு ஏற்படும். 130 வாட்டுக்கும் அதிகமான வெப்பம் அந்தக் கேபிளிலேயே உண்டாகும். மரப்பலகைக்குப் பின்னால் அந்த வெப்பம் போக வழியில்லை. 70 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு நான்கில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். ஃபியூஸைப் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பொருத்த வேண்டும். அது காப்பது கருவியை அன்று, கேபிளை. ஆகவே அதன் அளவு சுமையைவிடக் கூடுதலாகவும் கேபிள் தாங்கும் அளவுக்குள்ளும் இருக்க வேண்டும்.

ஆம்பியர் எண் மட்டும் போதாது. பேட்டரியின் உள்தடை 2 மில்லி ஓம் என்றால், குறுக்குச் சுற்று நேரும்போது 6,000 ஆம்பியர் வரை பாயக்கூடும். சாதாரண ஃபியூஸ்களில் பல அவ்வளவு பெரிய மின்னோட்டத்தை அறுக்க முடியாதவை. உள்ளே உருகிய பிறகும் மின்பொறி தொடர்ந்து எரியும். 20,000 ஆம்பியர் வரை துண்டிக்கும் திறனுள்ள கிளாஸ் டி (Class T) ஃபியூஸை நான் வலியுறுத்துவது இதனால்தான். பி.எம்.எஸ். இருக்கிறதே என்பது இதற்கு மாற்றாகாது. அதுவும் பழுதாகக்கூடிய ஒரு மின்னணுச் சுற்றுதான். முழு வேலைக்கும் ஆகும் செலவில் ஃபியூஸின் பங்கு மிகச் சிறியது. தயவுசெய்து அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இரண்டு பேட்டரிகளை இணையாக இணைப்பதானால் ஒரே தயாரிப்பு, ஒரே அளவு, ஒரே வயது உள்ளவையாக இருக்கட்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியே முழுமையாகச் சார்ஜ் செய்த பிறகே இணைக்க வேண்டும். பிளஸை முதல் பேட்டரியிலிருந்தும் மைனஸைக் கடைசிப் பேட்டரியிலிருந்தும் எடுத்தால் சுமை இரண்டுக்கும் சமமாகப் பிரியும்.

மின்னழுத்தத்தை வைத்து இருப்பைக் கணிக்கும் பழக்கம் இதில் உதவாது. 90 விழுக்காட்டிலிருந்து 40 வரை மின்னழுத்தம் ஏறக்குறைய அசையாமலே நிற்கும். உள்ளே போகும் மின்னோட்டத்தையும் வெளியே வருவதையும் ஷன்ட் என்னும் சிறு தடையின் வழியாக அளந்து எண்ணும் கண்காணிப்புக் கருவி தேவை. எல்லா மைனஸ் கம்பிகளும் அதன் வழியாகவே செல்ல வேண்டும். ஒரு கம்பி நேரடியாகப் பேட்டரிக்குப் போனாலும் கணக்கு தவறிவிடும்.

வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால், பாதி அளவு சார்ஜில் விட்டு முதன்மைச் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பேட்டரி அசையாதபடி உலோகப் பட்டையால் தரையோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். லக்கை முனையின் மீது நேரடியாக அமர்த்தி, வாஷரை அதற்கு மேலேதான் வைக்க வேண்டும். நட்டுகளைத் தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு அளவுக்கே இறுக்க வேண்டும். சாலை அதிர்வில் அவை தளரக்கூடும். எனவே முதல் நீண்ட பயணம் முடிந்ததும் எல்லா இணைப்புகளையும் மீண்டும் சரிபாருங்கள். இன்வெர்ட்டரைப் பத்து நிமிடம் முழுச் சுமையில் ஓட்டி, எந்த லக்காவது மற்றவற்றைவிடச் சூடாக இருக்கிறதா என்று வெப்பமானியால் அளந்து பாருங்கள். சூடாக இருந்தால் மின்சாரத்தைத் துண்டித்து, அந்த இணைப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் இறுக்கிய பிறகே வண்டியை எடுங்கள்.