எழுந்திருக்கக் காரணமில்லாத காலைகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வர்த்தில் மனநல ஆலோசகராக இருக்கும் என்னிடம், வேலையற்ற இளைஞர்களைப் பெரும்பாலும் தாய்மார்களே அழைத்து வருகிறார்கள். ‘பகல் பன்னிரண்டு மணிவரை தூங்குகிறான், கேட்டால் எரிந்து விழுகிறான், சோம்பேறியாகிவிட்டான்’ என்பதே வழக்கமான முறையீடு.

அண்மையில் வந்த ஓர் இளைஞரின் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) மடியில் பிளாஸ்டிக் உறை ஒன்று இருந்தது. அதனுள் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) சான்றிதழின் நகல்கள். ஒவ்வொன்றிலும், அசலின் உண்மை நகல் என்று உறுதி செய்யும் காவல் நிலைய முத்திரை. மூன்று மாதத்துக்கு முந்திய முத்திரையைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை என்பதால், இரண்டு ஆண்டுகளாக வரிசையில் நின்று நின்று புதுப்பித்திருக்கிறார். கடைசி முத்திரை காலாவதியாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ‘இனி எதற்கு ஆன்ட்டி?’ என்றார். சோம்பேறி இரண்டு ஆண்டுகள் அந்த வரிசையில் நின்றிருக்க மாட்டார்.

1930களின் தொடக்கத்தில், ஆலை மூடப்பட்ட மரியந்தால் என்னும் ஆஸ்திரிய ஊரை சமூக உளவியலாளர் மாரி யகோடாவும் சகாக்களும் ஆராய்ந்தபோது, நேரம் ஏராளமாக இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்போர் குறைந்ததையும், ஆண்களின் நடையே தளர்ந்துவிட்டதையும் கண்டார்கள். கூலியோடு சேர்த்து, எழுவதற்கு ஒரு நேரத்தையும், பழகுவதற்கு மனிதர்களையும், ‘நான் இன்னார்’ என்று சொல்லிக்கொள்ள ஓர் அடையாளத்தையும் வேலை தருகிறது. அது போனால் இவை எல்லாமே போகின்றன.

இந்த இளைஞரை அதைவிட வாட்டியது குற்ற உணர்வு. இளவயதில் தையல் ஆலைக்குப் போன பாட்டி, ‘முயன்றால் கிடைக்கும்’ என்று அன்போடுதான் சொல்கிறார். ஆனால் 1990களில் மலிவான இறக்குமதித் துணிகள் வந்து குவிந்தபின் டர்பனில் அத்தகைய ஆலைகள் பல மூடப்பட்டன. 2025ஆம் ஆண்டின் முதல் காலாண்டில் தென்னாப்பிரிக்காவில் 15 முதல் 34 வயதினரிடையே வேலையின்மை 46.1 விழுக்காடு. இந்த எண்ணை அந்த இளைஞருக்குத் தாளில் எழுதிக் காட்டினேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘வேலை கிடைத்ததா?’ என்ற கேள்விக்கு அஞ்சி, காவடிக்குக்கூட அவர் கோயில் பக்கம் போகவில்லையாம்.

ஆகவே பெற்றோரிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது, அந்தக் கேள்வியைக் கொஞ்ச காலம் நிறுத்திவையுங்கள் என்பதுதான். காலையில் எழும் நேரத்தையும், வெளியே போக ஒரு காரணத்தையும், அது கோயில் சமையலறையில் காய் நறுக்குவதாக இருந்தாலும் சரி, மகனோடு சேர்ந்தே முடிவு செய்யுங்கள். தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்தவற்றில் நாட்டமும் இல்லாத நிலை இரண்டு வாரம் நீடித்தாலோ, ‘சுகர்ஸ்’ என்னும் மலிவான ஹெராயின் கலவையின் போதைப் பழக்கம் தொற்றியதாகத் தெரிந்தாலோ, தாமதிக்காமல் கிளினிக்குக்கு அழைத்து வாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. ஆமென்றால் அவரைத் தனியே விடாமல், 0800 567 567 என்ற தற்கொலைத் தடுப்பு உதவிக்கான இலவச எண்ணை அவர் பக்கத்தில் உட்கார்ந்தே அழையுங்கள்.