பதினெட்டு கிலோமீட்டரும் பதினொரு நிமிடமும்

வீட்டிலிருந்து அலுவலகம் 18 கிலோமீட்டர். பல ஆண்டுகளாகக் காரில் போய்வந்த தூரம். சைக்கிளுக்கு மாறிய முதல் நாள், காரை ஓட்டுவதுபோலவே அதையும் ஓட்டினேன். பாதை காலியாகத் தெரிந்தால் வேகமெடுப்பது, சிக்னலில் கடைசி நேரத்தில் பிரேக்கை அழுத்துவது, பச்சை விழுந்ததும் சீறிக் கிளம்புவது. அலுவலகப் படியேறும்போது தொடைகள் இரண்டும் என்னுடையவையாகவே இல்லை. மாலையில் சைக்கிளை அங்கேயே பூட்டி வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

பழியைத் தூரத்தின் மேல் போட்டேன். அது அபாண்டம்.

சமதளச் சாலையில் சைக்கிளுக்கு எதிராக நிற்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று, டயர் தரையில் அழுந்தி நசுங்கி உருள்வதால் வரும் உராய்வு. இது வேகம் கூடினாலும் அதிகம் மாறாது. டயரில் காற்று குறைந்தால் கூடும். இன்னொன்று காற்று. வேகம் இரு மடங்கானால் காற்று நம்மைத் தடுக்கும் விசை நான்கு மடங்காகிறது. அந்த விசையை இரு மடங்கு வேகத்தில் எதிர்த்துப் போக வேண்டியிருப்பதால், காற்றுக்காக மட்டும் கால் தர வேண்டிய திறன், அதாவது நொடிக்கு ஆகும் ஆற்றல், எட்டு மடங்காகிறது. காரில் இந்தச் செலவு பாதத்துக்குத் தெரிவதில்லை. பெட்ரோல் தொட்டிக்கு மட்டும்தான் தெரியும்.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ, நிமிர்ந்து உட்கார்ந்த நிலை, காற்று வீசாத நாள் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போக ஏறக்குறைய 90 வாட் போதும். 25-க்கு 150 வாட் வேண்டும். 30 என்றால் 230-ஐத் தாண்டிவிடும். இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். 18 கிலோமீட்டரை 20 வேகத்தில் கடக்க 54 நிமிடம். 25-இல் 43 நிமிடம். மிச்சம் 11 நிமிடம். அதற்காகக் கால்கள் ஒவ்வொரு நொடியும் அறுபது சதவீதத்துக்கு மேல் கூடுதலாக உழைக்கின்றன. பயிற்சியில்லாத உடல் 90 வாட்டை ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே கொடுக்கும். 150 வாட்டை அப்படிக் கொடுக்காது, மூச்சு வாங்கும்.

இரண்டாவது வாரம் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். முன்னால் ஒரு பெரியவர், பழைய கறுப்பு சைக்கிளில், நிமிர்ந்த முதுகோடு போய்க்கொண்டிருந்தார். அவரை முந்தினேன். அடுத்த சிக்னலில் நான் ஒரு காலை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, அவர் தூரத்திலேயே மிதிப்பதை நிறுத்திவிட்டு மெதுவாக உருண்டு வந்தார். அவர் வந்து சேரவும் பச்சை விழவும் சரியாக இருந்தது. கால் தரையில் படவே இல்லை. மறுபடி முந்தினேன், மறுபடி அதே கதை. நான்காவது சிக்னலில், "அவசரமா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் சேமித்தது இயக்க ஆற்றலை, அதாவது ஓடும் சைக்கிளிடம் சேர்ந்திருக்கும் ஆற்றலை. 90 கிலோ எடையை 30 வேகத்துக்குக் கொண்டுவர 3,100 ஜூலுக்கு மேல் ஆகிறது. 20 வேகத்தில் நிதானமாகப் போகிறவருக்கு அது 200 மீட்டர் தூரத்துக்கான உழைப்பு. அதை ஒவ்வொரு சிக்னலிலும் பிரேக் கட்டையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். வழியில் 30 முறை அப்படி நின்று கிளம்பினால், 6 கிலோமீட்டர் கூடுதலாக மிதித்ததற்குச் சமம்! சைக்கிள் எடையில் இரண்டு கிலோ குறைக்கப் பணத்தைக் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். சமதளத்தில் அதனால் மிச்சமாவது ஒரு வாட்டுக்கும் குறைவு.

வேகத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. அது மறுநாள்தான் தெரியும். நிதானமாக மிதிக்கும்போது தசைகள் கொழுப்பையும் கிளைகோஜனையும் (உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து) கலந்து எரிக்கின்றன. வேகம் கூடக் கூடக் கிளைகோஜனின் பங்கு ஏறும். கொழுப்பு யாரிடமும் தாராளமாக இருக்கிறது. கிளைகோஜன் உடல் முழுவதற்கும் சேர்த்து அரைக் கிலோ அளவுதான். தினமும் இரண்டு வேளை அதை வழித்தெடுத்தால், வாரத்தின் நடுவில் கால்கள் கனக்கத் தொடங்கும். ஒரு நாள் போட்டிக்கும் தினசரிப் பயணத்துக்கும் இதுதான் வித்தியாசம்.

எதிர்க்காற்றில் வேகத்தைப் பிடித்துவைக்கப் பார்ப்பதும் அதே தவறுதான். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் காற்று எதிரே வீசினால், 20-இலேயே நிற்க 150 வாட்டுக்கு மேல் தேவைப்படும். 15-க்கு இறங்கிவிட்டால் பழைய 90 வாட் போதும். கியரைக் குறைத்துவிட்டு, வேகமானியைப் பார்க்காமல் மூச்சைக் கவனிப்பதே வழி.

உடல் மாறுவது வியப்பானது. முதல் ஓரிரு வாரங்களிலேயே ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவின் அளவு கூடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அதிக ரத்தத்தைத் தள்ளுவதால், அதே வேகத்துக்கு முன்னைவிடக் குறைவாகத் துடித்தால் போதும். பிறகு தசைச் செல்களுக்குள், ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியா பெருகுகின்றன. ஜான் ஹாலோசி என்ற ஆய்வாளர் எலிகளை ட்ரெட்மில்லில் ஓடவிட்டுப் பழக்கி, அவற்றின் தசை ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் ஏறக்குறைய இரு மடங்கானதை 1967-இல் காட்டினார். எனக்கு ஏழாவது வாரத்தில், தினமும் ஏறும் மேம்பாலத்தில் முன்னைவிட ஒரு கியர் மேலே போட்டு ஏறிக்கொண்டிருப்பதைத் தற்செயலாகத்தான் கவனித்தேன்.

உட்காரும் இடத்து வலியும் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். அதற்காக மெத்தென்ற சீட் வாங்காதீர்கள்: இடுப்பெலும்பின் இரு முனைகள் அதில் புதைந்து, நடுவிலுள்ள மென்மையான பகுதி நசுங்கும். முழங்காலின் முன்புறம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள். மிதி அடியில் இருக்கும்போது கால் லேசாக மட்டுமே மடங்கியிருக்க வேண்டும்.

எஞ்சியிருப்பது வியர்வை. தசை எரிக்கும் ஆற்றலில் நாலில் ஒரு பங்குதான் மிதியைச் சேர்கிறது, மீதி வெப்பம். 90 வாட் மிதிக்கிறவர் கிட்டத்தட்ட 300 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறார். ஓடும்போது எதிரே வரும் காற்று அதை அள்ளிக்கொண்டு போகிறது. நின்றதும் காற்றும் நிற்கிறது. உடலில் தேங்கிய வெப்பம் வெளியேற வழி தேடுகிறது. அதனால்தான் வழியெல்லாம் உலர்ந்திருந்த முதுகு லிஃப்டுக்குள் நனைகிறது. கடைசி இரண்டு கிலோமீட்டரை 15 வேகத்தில் உருட்டினால், காற்று பட்டுக்கொண்டிருக்கும்போதே உடல் ஆறத் தொடங்கும். அதற்கு ஆகிற கூடுதல் நேரம் இரண்டு நிமிடம். அப்படிச் செய்யத் தொடங்கியதிலிருந்து நான் சட்டை மாற்றும் நாட்கள் பாதியாகிவிட்டன. கடும் வெயில் நாட்களில் மட்டும் மாற்றுச் சட்டை இன்னும் பையில் வருகிறது.