நிற்கவா, உருளவா, ஓடவா? படத்துக் கார் செய்ய வருகிறவர்களுக்கு

2024இல் ‘கல்கி 2898 ஏடி’ வந்த பிறகு, எங்கள் பட்டறைக்கு வருகிற பெடியள் பலரின் போனில் அந்தப் படத்தில் வருகிற கார் புஜ்ஜியின் படம் இருக்கிறது. அதற்கு முன்பு பேட்மேனின் கார். அதற்கும் முன்பு ‘பேக் டு த ஃபியூச்சர்’ படத்து டெலோரியன். திருகோணமலையில் நான் செய்வது வெல்டிங்கும் ஃபைபர் வேலையும்தான்: வள்ளம் திருத்துவது, கேற் அடிப்பது, லொறிக்குப் பொடி, அதாவது மேற்கூடு, கட்டுவது. இடையிடையே ஹோட்டல்காரர்கள், விளையாட்டுக் கழகத்தார், கல்யாண வீடியோக்காரர்கள் என்று யாராவது வந்து, “இதை அதே சைஸில் செய்து தருவீங்களா அண்ணா?” என்பார்கள். செய்யலாம். உருவத்தைக் கொண்டுவருவது வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. விலை பேசுமுன் நான் கேட்பது வேறு: அது நிற்க வேண்டுமா, உருள வேண்டுமா, ஓட வேண்டுமா?

யோசிக்காமல் வருகிற பதில், “ஓட வேணும்.” எதற்கு என்று கேட்டால், நிலாவெளியில் ஹோட்டல் வாசலில் வைத்துப் படம் எடுக்க!

படம் எடுத்தவர்களே ஒரே காரில் எல்லாவற்றையும் செய்யவில்லை. 1985இல் வந்த முதல் பாகத்துக்குக் கிட்டக் காட்ட ஒரு டெலோரியன், முரட்டு ஓட்டத்துக்கு இன்னொன்று, உள்ளே கமெரா வைக்க வெட்டித் திறந்த ஒன்று என்று பிரித்து வைத்திருந்தார்கள். 1989இல் வந்த இரண்டாம் பாகத்தில் பறக்கும் காட்சிகளுக்கு முழு அளவில் ஃபைபரிலேயே ஒன்று செய்தார்கள். அது ஓடாது, ஓடத் தேவையும் இல்லை. புஜ்ஜி உண்மையாகவே ஓடும். ஆனால் அதற்குப் பின்னால் மஹிந்திராவும் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் நின்றன. எடை ஏறக்குறைய 6 தொன், நீளம் 6 மீற்றருக்கு மேல், அகலம் 3.38 மீற்றர். அந்த அகலத்தோடு உப்புவெளி ஒழுங்கைக்குள் திரும்பிப் பாருங்கள்.

வீதியில் ஓட்ட வேண்டுமென்றால் நான் வேலையை எடுப்பதில்லை. பதிவுப் புத்தகத்தில் உள்ள வாகனத்தின் உருவத்தையோ சேசிஸையோ மாற்றுவதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி முதலில் வேண்டும். வெட்டி ஒட்டிய பிறகு ஓடித் திரிந்து எடுக்கிற கடதாசி இல்லை அது. சொல்லாமல் மாற்றிவிட்டு ஒரு விபத்து நடந்தால், காப்புறுதிக்காரர் முதலில் கை வைப்பது அந்த மாற்றத்தில்தான். அதோடு 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. பழைய காருக்குக்கூட நல்ல விலை இருக்கிற நாட்டில், ஓடுகிற ஒன்றை வெட்டிப் பொம்மை ஆக்குவது எனக்கு மனசுக்கு ஒப்பாத வேலை.

மைதானத்துக்குள் தள்ளவோ ட்ரெயிலரில் ஏற்றி ஊர்வலத்தில் கொண்டுபோகவோ என்றால், உருளுகிற வகை போதும். கீழே நாலு சில்லு, இழுக்க ஒரு பார், கையால் பிடிக்கிற பிரேக். ஊர்வலம் போகும் பாதையை முதலில் நடந்து பார்த்து, தாழ்ந்து தொங்குகிற மின்கம்பி எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். ட்ரெயிலரின் உயரத்தையும் சேர்த்துத்தான் கணக்கு.

அளவுதான் அடுத்த சிக்கல். இணையத்தில் கிடைக்கிற படங்களில் பாதி கிட்ட நின்று எடுத்தவை. முன்சில்லு பெரிதாகவும் பின்பக்கம் சுருங்கியும் தெரியும். தூர நின்று பக்கவாட்டில் எடுத்த படமாகத் தேடுங்கள். பிறகு அதில் அளவு தெரிந்த ஒரு பொருள் வேண்டும், வழக்கமாக றிம். இங்கேயும் ஒரு பொறி உண்டு. டெலோரியனுக்கு முன்னால் 14 அங்குல றிம், பின்னால் 15. இரண்டையும் ஒன்றாக எடுத்தால் கார் முழுவதும் கோணல். அதோடு 14 அங்குலம் என்பது ரயர் உள்ளே உட்காருகிற இடத்தின் விட்டம். படத்தில் நமக்குத் தெரிகிற வெளி விளிம்பு அதைவிடப் பெரிது. அதை 14 என்று வைத்துக் கணக்குப் போட்டால் கார் குட்டையாகி வரும். நல்லகாலத்துக்கு அந்தக் காரின் அளவுகள் எல்லோருக்கும் தெரிந்தவை: நீளம் 4.2 மீற்றருக்குச் சற்று மேல், உயரம் 1.14 மீற்றர்.

அந்த உயரத்தைச் சுவரில் சோக்கால் குறித்து, வாடிக்கையாளரைப் பக்கத்தில் நிற்கச் சொல்வேன். வயிற்றளவுதான் வரும். கூறைச்சேலையும் கொண்டையுமாகப் பொம்பிளை அதற்குள் எப்படி இறங்குவா? இறங்கினால் எப்படி எழும்புவா? அதனால் பட்டறைத் தரையில் முழு அளவில் கோடு போட்டு, காட்போட்டும் ப்ளைவூட்டும் வைத்து ஒரு மாதிரி கட்டி, ஆளை உள்ளே உட்கார வைத்துப் பார்த்த பிறகுதான் பொக்ஸ் பாரில், அதாவது சட்டத்துக்கான இரும்புக் குழாயில், கை வைப்பேன். உட்கார்ந்தவர் யாருடைய உதவியும் இல்லாமல் வெளியே வர வேண்டும். உருளுகிற காரில் முன்னால் ஓடுகிற சின்னப் பிள்ளையும் கண்ணுக்குப் பட வேண்டும். படத்தில் உள்ளதுபோலக் கண்ணாடியைக் குறுக்கினால் முன்பக்கம் தெரியாது. அப்படியென்றால் உருவத்தில்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

மேல்நோக்கித் திறக்கிற கதவு இல்லாமல் டெலோரியன் இல்லை, சரி. அதைத் தூக்கிப் பிடிக்க நம்மவர்கள் போடுவது பழைய காரின் டிக்கியிலிருந்து கழற்றிய கேஸ் சொக், உள்ளே அடைத்த வாயுவால் மூடியைத் தூக்குகிற தண்டு. உப்புக்காற்றில் அதன் தண்டு துருப்பிடித்து, ஒருநாள் கேஸ் இறங்கிவிடும். அப்புறம் கதவு விழுவது படம் எடுக்கக் குனிந்தவரின் பிடரியில். ஆகவே திறந்த நிலையில் ஒரு இரும்புப் பின் குறுக்கே விழுந்து பூட்டுகிற மாதிரி வையுங்கள். சொக் தூக்குவதற்கு, இரும்புப் பின் தாங்குவதற்கு.

ஃபைபர் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது காணொளி பார்த்து வீட்டு முற்றத்திலேயே தொடங்குகிறார்கள். ஃபைபருக்குப் பூசுகிற பிசின் திரவம்தான் ரெசின். அதை இறுக வைக்க அதோடு சேர்க்கிற இரண்டு சாமான்கள் உண்டு: ஊதா நிறத்தில் கோபால்ட், தண்ணீர் போலத் தெளிவாக இருக்கிற கெட்டலிஸ்ட். இவை இரண்டும் நேராக ஒன்றோடொன்று படவே கூடாது. பட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்குங்கள். கெட்டலிஸ்ட் அதன் பிறகு. அளக்கிற கோப்பையும் கிண்டுகிற தடியும் வேறு வேறாக இருக்கட்டும். கோபால்ட் கலந்தே வருகிற ரெசினும் உண்டு, லேபலைப் பாருங்கள்.

கச்சான், அதாவது சூடான தென்மேற்குக் காற்று, வீசுகிற மாதங்களில் பகல் பதினொரு மணிக்கு மேல் இந்த வேலை வேண்டாம். அந்தச் சூட்டில் கெட்டலிஸ்ட்டை ஒரு சதவீதத்துக்கு மேல் விட்டால், வாளிக்குள்ளேயே ரெசின் இறுகிப் புகைய ஆரம்பிக்கும். புகைகிற வாளியைக் குப்பையில் கொட்டாமல், வெளியே மண்ணில் தனியாக வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். வாசத்துக்குத் துணி மாஸ்க் உதவாது, கரித்தூள் வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். நாகம் பூசிய ஜி.ஐ. பைப்பை வெல்டிங் அடிக்குமுன் ஒட்டுகிற இடத்து நாகப் பூச்சைத் தேய்த்து எடுங்கள். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் இரவில் குளிரும் காய்ச்சலும் வரும்.

சதுர மீற்றருக்கு 450 கிராம் வருகிற கண்ணாடி இழை விரிப்பில் (மாட்) மூன்று அடுக்குப் போட்டால் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் தடிப்பு வரும். நிற்கிற காருக்கு, உள்ளே சட்டம் ஒழுங்காக இருந்தால், அது போதும். சிலர் உண்மையான டெலோரியன் போல ஸ்டெயின்லெஸ் தகட்டிலேயே கேட்பார்கள். அந்தக் காரில் இருப்பது 304 வகை. கடற்கரையில் அதுவும் தேயிலைக்கறை மாதிரிப் பழுப்புப் பிடிக்கும், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஃபைபரில் நல்ல சில்வர் பெயின்ற் அடித்தால் இரண்டு மீற்றர் தள்ளி நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. போல்ட் மட்டும் உப்பை இன்னும் நன்றாகத் தாங்குகிற 316 வகை ஸ்டெயின்லெஸில் போடுங்கள். பொக்ஸ் பாரின் அடிப்பக்கத்தில் தண்ணீர் வடியத் துளை போடுங்கள், இல்லாவிட்டால் மார்கழி மழைத் தண்ணீர் உள்ளேயே நின்று அரிக்கும். நான்கு மூலையிலும் கொங்கிறீற்றில் பிடிப்பும் வேண்டும், வாடைக்காற்று ஃபைபர் பொடியைச் சும்மா விடாது.

லைற் எல்லாம் 12 வோல்ட்டில், பற்றரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். மழை படுகிற, பிள்ளைகள் ஏறி இறங்குகிற பொருளுக்குள் 230 வோல்ட்டைக் கொண்டுபோகாதீர்கள். படத்தில் வருகிற மாதிரிப் புகை வேண்டும் என்று உலர்பனியை மூடிய கார் உள்ளுக்குள் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதிலிருந்து வருவது கரியமில வாயு, கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும். டெலோரியன் உயரத்தில் உட்கார்ந்திருப்பவரின் மூக்கு இருப்பதும் அங்கேதான். புகையைப் பின்பக்கத்துக்கு வெளியே மட்டும் விடுங்கள், ஆள் உள்ளே இருக்கும்போது அதுவும் வேண்டாம்.

கடைசியாக, செய்து விற்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் பேட்மேன் கார் மாதிரி செய்து விற்ற ஒருவர்மீது டிசி கொமிக்ஸ் வழக்குப் போட்டது. அந்தக் காரே பதிப்புரிமை உள்ள ஒரு பாத்திரம் என்று 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அது அங்கத்தைய தீர்ப்புத்தான். ஆனால் இங்கேயும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. வீட்டு முற்றத்தில் ஆசைக்கு நிறுத்துவது வேறு, ரிக்கற் போட்டுக் காசு வாங்குவது வேறு. ஹோட்டல் விளம்பரப் பலகையில் படத்தின் பெயரையும் சின்னத்தையும் போட நினைக்கிறவர்கள், பெயின்றருக்கு முற்பணம் கொடுக்குமுன் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டு என்னிடம் வாருங்கள்.