மன்னித்தாயிற்று, அப்புறம்?

மட்டக்களப்பில் உளவளத்துணைக்காக என்னிடம் வருகிறவர்களில் தங்கள் கிறிஸ்தவ சபையோடு மனம் முறிந்தவர்களும் உண்டு. அவர்களில் ஒருவரைப் பற்றி, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். வாராவாரம் கட்ட வேண்டிய கிழமைக்கடன் கழுத்தை நெரித்தபோது, தன் பொறுப்பிலிருந்த காணிக்கைப் பணத்தில் கைவைத்துவிட்டார். பிறகு தானாகவே போதகரிடம் போய்ச் சொன்னார். நகையை அடகு வைத்து முழுவதையும் திருப்பிக் கட்டினார். ஞாயிறு ஆராதனையில் எல்லோருக்கும் முன்பாக அவரை மன்னித்ததாக அறிவித்தார்கள். அவருடைய பிள்ளைகளும் அங்கேதான் இருந்தார்கள்.

மூன்று மாதம் கழித்து அழுதுகொண்டே சொன்னார்: “மன்னிச்சிட்டம் எண்டு எல்லாரும் சொன்னாங்க. மறுகா ஒருத்தரும் ஊட்டுப்பக்கம் வாறல்ல.”

குற்றம் செய்தவனிடம் முதலில் தனியாகப் போய்ப் பேசச் சொல்கிறது மத்தேயு 18:15. தானாக வந்து சொன்னவரை மேடையில் அறிவிக்க என்ன அவசரம்?

கலாத்தியர் 6:1இல் விழுந்தவனை சாந்தத்தோடு ‘சீர்பொருந்தப்பண்ணுங்கள்’ என்று பவுல் எழுதுகிறார். அதன் கிரேக்கச் சொல்லைத்தான் மத்தேயு 4:21, யாக்கோபும் யோவானும் படகில் வலையைப் பழுதுபார்த்ததற்கும் வைத்திருக்கிறது. நாவலடிக் கரையில் வலை பொத்துகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பிய்ந்த நூலை வெட்டி, ஒவ்வொரு கண்ணாக முடிச்சுப் போட்டு, வெயிலில் மணிக்கணக்காக இருப்பார்கள். ஒரு அறிவிப்போடு முடிகிற வேலை இல்லை அது. கொரிந்து சபைக்கும் பவுல் இதையே சொன்னார்: தவறு செய்தவனைத் தண்டித்தது போதும், அவன் துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி ஆறுதல் சொல்லுங்கள்.

மன்னித்தால் பணப்பொறுப்பையும் உடனே திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டியதில்லை. உறவு வேறு, பதவி வேறு. காணிக்கையை எப்போதும் இரண்டு பேர் சேர்ந்து எண்ணட்டும், யாராக இருந்தாலும் சரி.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் மீதான துஷ்பிரயோகத்தைச் சபைக்குள் பேசி மன்னித்து முடிக்கக் கூடாது. பொலிஸுக்குப் போக வேண்டும், அல்லது சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு அழைக்க வேண்டும். காயப்பட்ட பிள்ளையிடம் “மன்னித்துவிடு” என்று நெருக்குவது இரண்டாவது காயம்.

முதலில் சொன்ன, காணிக்கையில் கைவைத்த அந்த மனிதரிடம் கடைசியில் ஒரு சபை மூப்பர் போனார். திண்ணையில் இருந்து பிளேன்டீ குடித்தார், பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு காலை சைக்கிளில் வந்து படலையடியில் நின்று கூப்பிட்டார்: “வாங்க தம்பி, சேர்ந்து போவம்.”