பம்ப் மெல்ல ஓடலாம், குளோரினேட்டர் ஒத்துக்கொள்ளும் வரை

சிட்னியின் மேற்குப் புறநகர்களில் வீடு வாங்கும் நம்மவர்களுக்குப் பின்பக்கம் ஒரு நீச்சல் குளமும் சேர்ந்தே வந்துவிடுவது சகஜம். இங்கே அது பெரும்பாலும் உப்புக் குளம்தான்: தண்ணீரில் கரைந்த உப்பிலிருந்தே குளோரினேட்டர் என்ற கருவி குளோரின் தயாரிக்கும்; தண்ணீர் ஓடும் குழாயில் மாட்டிய அதன் தகடுக் கூடுதான் செல். முதல் மின்கட்டணத்தைப் பார்த்ததும் எல்லார் கண்ணும் பம்ப் மேல் போகும். பழைய பம்புக்கு ஒரே வேகம்: நிமிடத்துக்குச் சுமார் 2,850 சுற்று. 1,100 வாட், 1,500 வாட் என்று இழுக்கும். அதை எடுத்துவிட்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பம்ப் போடுகிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் கோடை வந்ததும் எனக்கு ஃபோன் வரும்: “அண்ணா, பில் நல்லா குறைஞ்சிருக்கு. ஆனா தண்ணி பச்சையாப் போச்சு. செல் போயிடுச்சு, புதுசு போடணும்னு கடையில சொல்றாங்க, வாங்கிடவா?”

அவசரப்படாதீர்கள் என்பேன். புது செல் மலிவான சாமான் அல்ல. நான் போய்ப் பார்க்கும் இடங்களில் பெரும்பாலும் செல் நன்றாகவே இருக்கிறது. அதற்குப் போதுமான தண்ணீர் போகவில்லை, அல்லது போதுமான நேரம் ஓடவில்லை.

நேரக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் ஏறக்குறைய பாதியாகும், மின்சாரமோ கணக்குப்படி எட்டில் ஒன்றாகும். நடைமுறையில் அவ்வளவு குறையாது. 1,100 வாட் எடுத்த இடத்தில் 200 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் லாபம்தான். குளோரின் கணக்கு வேறு மாதிரி. உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து செல்லுக்குள் குளோரின் உருவாகிறது. எவ்வளவு உருவாகும் என்பது மின்னோட்டத்தையும் ஓடும் மணிகளையும் பொறுத்தது. தண்ணீர் வேகமாகப் போகிறதா, மெல்லப் போகிறதா என்பதைப் பொறுத்தது அல்ல. மணிக்கு 25 கிராம் தரும் செல், 50,000 லிட்டர் குளம் என்றால், 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஏற்ற 50 கிராம் வேண்டும், அதாவது முழு அளவில் இரண்டு மணி நேரம். ஜனவரி வெயிலும் குளத்தைவிட்டு ஏறாத பிள்ளைகளும் சேர்ந்தால் ஒரு நாளைக்கு 2, 3 பிபிஎம் காணாமல் போகும். பழைய பம்போடு நான்கு மணி நேரம் வைத்திருந்த டைமரை அப்படியே விட்டால் போதாது. எட்டு மணி நேரம் மெல்ல ஓட்டி, குளோரினேட்டரை 70 சதவீதத்தில் வைத்தால் 140 கிராம் கிடைக்கும். அது போதும்.

சரி, அப்படியானால் பம்பை எவ்வளவு மெதுவாக ஓட்டலாம்? இங்கேதான் பலரும் பில்லை மட்டும் பார்க்கிறார்கள். கீழ் எல்லையைச் செல்தான் சொல்ல வேண்டும்.

குளோரின் உருவாகும்போது கூடவே ஹைட்ரஜன் வாயுவும் உருவாகிறது. மேலே சொன்ன 25 கிராம் செல், ஒரு மணி நேரத்தில் எட்டு லிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் விடும். தண்ணீர் ஓடினால் அது குளத்துக்குப் போய்க் காற்றில் கலந்துவிடும். தண்ணீர் நின்றால் செல்லிலும் குழாயிலும் சேரும். காற்றில் 4 சதவீதம் இருந்தாலே பற்றிக்கொள்ளக்கூடிய வாயு அது. அதனால்தான் ஒவ்வொரு குளோரினேட்டரிலும் ஒரு காவல் இருக்கிறது. சிலவற்றில் தண்ணீர் தள்ளினால் மடங்கும் சின்னத் துடுப்பு. வேறு சிலவற்றில் செல்லின் மேற்பகுதியில் ஓர் உணர்கம்பி; வாயு சேர்ந்து தண்ணீர் மட்டத்தைக் கீழே தள்ளினால் கம்பி காய்ந்து, மின்சாரம் நின்றுவிடும். குளோரினேட்டர் பெட்டியில் ‘நோ ஃப்ளோ’ (தண்ணீர் ஓடவில்லை) விளக்கு எரியும். அந்த விளக்கைப் பார்த்துத்தான் செல் போய்விட்டது என்று முடிவுகட்டுகிறார்கள்.

செல்லின் கூடு கண்ணாடி போல இருந்தால் குனிந்து பாருங்கள். தகடுகளுக்கு நடுவிலிருந்து வெண்புகை மாதிரி பொடிக் குமிழிகள் கிளம்பும். வேகம் போதுமென்றால் அந்தப் புகை கலையாமல் வெளிவாய் பக்கம் இழுபட்டுப் போகும். போதாவிட்டால் மேலே ஒரு வாயுப் பை நிற்கும். உணர்கம்பியின் நுனியில் தண்ணீர் தொட்டும் தொடாமலும் தளும்பும், விளக்கு விட்டு விட்டு மின்னும். இப்படி நாளெல்லாம் மின்னினால் பம்ப் எட்டு மணி நேரம் ஓடியும் குளோரின் இரண்டு மணி நேரத்துக்குத்தான் கிடைத்திருக்கும்.

உங்கள் குளத்துக்கான வேகத்தைக் கண்டுபிடிக்க ஒரு நாள் ஒதுக்குங்கள். ஃபில்டர் அழுக்காக இருக்கும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள், பேக்வாஷ் செய்யப்போகும் முன், அதாவது தண்ணீரைத் திருப்பி விட்டு ஃபில்டரைக் கழுவும் முன். சுத்தமான ஃபில்டரில் 1,400 சுற்றுக்கு நன்றாகப் போகும் தண்ணீர், ஒரு மாத அழுக்கில் அதே 1,400 சுற்றுக்குப் போகாது. வேகத்தை நூறு நூறு சுற்றாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் காத்திருங்கள். விளக்கு எந்த வேகத்தில் எரிகிறதோ அதற்கு மேல் இன்னும் 200, 300 ஏற்றி நிறுத்துங்கள். குழாயின் அகலம், வளைவுகள், தூரம் எல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். பக்கத்து வீட்டு எண்ணைக் கடன் வாங்காதீர்கள். மூன்றே பொத்தான் உள்ள பம்பில் கீழ்வேகம் போதவில்லை என்றால் நடுவேகம்தான். வருத்தப்பட ஒன்றுமில்லை, அதுவும் பழைய பம்பைவிடச் சிக்கனம்.

இன்னொன்று, இதுதான் எனக்குக் கவலை தருவது. ஆஸ்திரேலியாவில் பல குளோரினேட்டர்களின் அடியில் பம்புக்கென்று ஒரு சாக்கெட் உண்டு. பம்பின் பிளக் அதில் இருந்தால் ஒரே டைமர் இரண்டையும் ஓட்டும், இரண்டையும் நிறுத்தும். புது பம்பில் தனி டைமர் இருப்பதால், மாட்டுகிறவர் அதைச் சுவர் சாக்கெட்டில் செருகிவிட்டுப் போய்விடுகிறார். இப்போது இரண்டு கடிகாரம். அக்டோபரில் நேரம் மாறும்போது ஒன்றை மாற்றி இன்னொன்றை மறந்தால், தினமும் ஒரு மணி நேரம் குளோரினேட்டர் ஓடாத தண்ணீரில் வேலை செய்யப் பார்க்கும். அந்த உணர்கம்பி மட்டும்தான் காப்பாற்ற வேண்டும். விளக்கு தொந்தரவு என்று உணர்கம்பியை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து ஏமாற்றி வைத்திருந்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். செல் கூடு வெடித்துச் சிதறக்கூடும்.

பம்பின் பிளக்கை மறுபடி குளோரினேட்டர் சாக்கெட்டுக்குக் கொண்டுவாருங்கள். மின்சாரம் திரும்பியதும் பம்ப் தானாகக் கிளம்புகிறதா, முன்பு வைத்த வேகத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். கிளம்பும்போது முதலில் சிறிது நேரம் முழு வேகத்தில் உறுமும். குழாயில் உள்ள காற்றை வெளியேற்றத்தான். பிளக் மாற்றுவதைத் தாண்டிய கம்பி வேலை எதுவானாலும் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன்தான் தொட வேண்டும்.

கூரையில் சோலார் இருந்தால் பகலில் ஓட்டுங்கள். வெயில் குளோரினைத் தின்றுவிடாதா என்று கேட்பார்கள். வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் ஸ்டெபிலைசர் 30 முதல் 50 பிபிஎம் இருந்தால் தாங்கும். இரவு 8 மணிக்கு மேல் பம்பின் சத்தம் பக்கத்து வீட்டு அறைக்குள் கேட்கக் கூடாது என்பது நியூ சவுத் வேல்ஸ் விதி. மெல்ல ஓடும் பம்ப் அதிலும் நல்ல பிள்ளை. பேக்வாஷ், உறிஞ்சும் கிளீனர், கூரை மேல் போகும் சூடேற்றிக் குழாய் ஆகியவற்றுக்கு வேகத்தைக் கூட்டத்தான் வேண்டும். யூகலிப்டஸ் இலை கொட்டும் வீடென்றால் மேலே மிதக்கும் குப்பையை வாங்கும் ஸ்கிம்மர் இழுக்கவும் தினமும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள்.

அப்புறம் இங்கே குளிர்காலமான ஜூலையில் ‘உப்பு குறைவு’ விளக்கு எரிந்தால் உடனே மூட்டையைத் தூக்காதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் மின்சாரம் குறைவாகவே பாயும். பெட்டி அதை உப்புக் குறைவு என்று எடுத்துக்கொள்கிறது. முதலில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கடையில் கொடுத்துச் சோதியுங்கள். வீட்டுக் குளத்தில் கூடிப்போன உப்பைக் குறைக்க, குளத்தைக் கொஞ்சம் காலிசெய்து புதுத் தண்ணீர் நிரப்புவதுதான் வழி.