சர்வாதிகாரிக்கு அரசியல் சாசனம் எதற்கு?

ஸ்டாலின் ஆட்சியில், 1936 டிசம்பர் 5 அன்று சோவியத் ஒன்றியம் ஏற்றுக்கொண்ட அரசியல் சாசனத்தைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம், தெருவில் ஊர்வலம் போகிற உரிமை எல்லாம் 125-வது பிரிவில் இருக்கின்றன. நீதிமன்றத் தீர்ப்போ அரசு வழக்கறிஞரின் ஒப்புதலோ இல்லாமல் யாரையும் கைது செய்யக்கூடாது என்கிறது 127. இதன் வரைவுக்காக உழைத்தவர்களில் முக்கியமானவர் கம்யூனிஸ்ட் கட்சியின் மூத்த தலைவர் புகாரின். அவரையே 1938 மார்ச்சில் சுட்டுக் கொன்றார்கள்.

அப்படியென்றால் சாசனம் வெறும் காகிதம்தானே என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஏனென்றால் சர்வாதிகாரம் நடக்கத் தேவையான வழியும் அதே காகிதத்தில்தான் இருந்தது, கொஞ்சம் நிதானமாகப் படித்தால் கண்ணில் படும். 125-வது பிரிவு எப்படித் தொடங்குகிறது? 'உழைக்கும் மக்களின் நலனுக்கு ஏற்பவும், சோசலிச அமைப்பை வலுப்படுத்தவும்' இந்தச் சுதந்திரங்கள் தரப்படுகின்றனவாம். சரி, எது மக்கள் நலன் என்று யார் முடிவு செய்வது? அடுத்த பிரிவிலேயே, சங்கம் அமைக்கும் உரிமையைப் பேசுகிற இடத்தில், கம்யூனிஸ்ட் கட்சிதான் எல்லாப் பொது அமைப்புகளுக்கும் அரசு அமைப்புகளுக்கும் தலைமைக் கரு என்று ஒரு வரி வந்துவிடுகிறது.

ஆனால் ஸ்டாலின் வகித்த, அந்தக் கட்சியின் பொதுச் செயலாளர் பதவியைப் பற்றிச் சாசனத்தில் ஒரு வார்த்தை கிடையாது. 1941 மே மாதம் வரை ஸ்டாலின் பிரதமரும் இல்லை, நாட்டின் தலைவரும் இல்லை. நாட்டிலேயே அதிக அதிகாரமுள்ள நாற்காலி சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் அதற்கு எப்படி எல்லை வகுப்பது? வழக்குப் போடலாம் என்றால் சட்டங்களுக்கு விளக்கம் சொல்லும் அதிகாரமே நீதிமன்றத்திடம் இல்லை, நாடாளுமன்றமான உச்ச சோவியத்தின் தலைமைக் குழுவிடம்தான் இருந்தது. அதில் யார் உட்காரலாம் என்பதையும் கட்சிதான் தீர்மானித்தது.

1937 டிசம்பர் 12 தேர்தலின் வாக்குச்சீட்டைப் பாருங்கள். நீங்கள் வாக்களிக்கும் ஒருவரின் பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களை அடித்துவிடுங்கள் என்று அதில் அச்சிட்டிருக்கிறது. கீழே இருப்பதோ ஒரே ஒரு பெயர். போட்டி இருக்கும் என்று நினைத்து எழுதிய வாசகம் அப்படியே தங்கிவிட்டது, போட்டியைத்தான் கடைசி நேரத்தில் எடுத்துவிட்டார்கள்.

அதே ஆண்டு கோடையில் ரகசியப் போலீசின் 00447 என்ற எண்ணுள்ள உத்தரவு வந்தது. எத்தனை பேரைச் சுட வேண்டும், எத்தனை பேரைக் கட்டாய உழைப்பு முகாமுக்கு அனுப்ப வேண்டும் என்று பகுதிவாரியாக எண்ணிக்கை கொடுத்தார்கள். போலீஸ் அதிகாரி, கட்சிச் செயலாளர், அரசு வழக்கறிஞர் என மூன்று பேர் உட்கார்ந்து, குற்றம் சாட்டப்பட்டவரை நேரில் பார்க்காமலேயே முடிவு சொன்னார்கள். இப்படி ஒரு மூவர் குழு சாசனத்தில் எங்குமே இல்லை. 1937, 1938 இரண்டே ஆண்டுகளில் மரண தண்டனை பெற்றவர்கள் 6,80,000-க்கும் மேல், அதுவும் அந்த அரசின் சொந்த ஆவணக் கணக்குப்படி. இந்த எண்ணை இன்று எழுதும்போதும் மனம் கனக்கிறது.

அப்புறம் 1965 டிசம்பர் 5. நாட்டில் அப்போதும் அதே சாசனம்தான். எசெனின்-வோல்பின் என்ற கணித அறிஞர் அதிலிருந்த உரிமைகளை அப்படியே நம்பலாம் என்று முடிவு செய்து, இரண்டு எழுத்தாளர்கள் மீதான வழக்கைத் திறந்த நீதிமன்றத்தில் நடத்தக் கோரி மாஸ்கோவின் புஷ்கின் சதுக்கத்துக்கு நண்பர்களோடு போனார். கையில் பிடித்திருந்த பதாகை ஒன்றில் 'சோவியத் அரசியல் சாசனத்தை மதியுங்கள்' என்று எழுதியிருந்தது. சில நிமிடங்களில் அதைப் பிடுங்கிக்கொண்டு அவர்களை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.